எந்த ஓம்?

முறிந்த கால் வலித்தது. ஆனால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே எதுவுமே தெரியவில்லை. அந்தத் தெரியாமையே என் துன்பத்தின் முதல் அறிகுறி. கால் முறிந்தோரும் அவர்களைப் பேணுவோரும் இதை அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். தமிழ்நாட்டில் பணி ஓய்வு பெற்றபின், ஜெர்மனியின் எசன் நகரில் ஈழத்தமிழர் நடத்திய தமிழ்ப் பள்ளியில் கற்பிக்கச் சென்றிருந்தேன். உடன் கற்பித்த ஜெசிந்தா மன்னாரைச் சேர்ந்தவர், கத்தோலிக்கர். விடுமுறை வார இறுதியொன்றில் அவரும் நண்பர்களும் பனிச்சறுக்குக்குப் புறப்பட்டார்கள். வேடிக்கை பார்க்கவே உடன் போனேன்.

“ரீச்சர், ஒருக்கா வாங்கோ. விழுந்தாலும் பனிதானே, கல்லோ?” என்றார் ஜெசிந்தா.

குழந்தைகள் சறுக்கும் சரிவுதான். சறுக்குக்கட்டை திரும்பிய பக்கம் என் கால் திரும்பவில்லை.

அருகிலிருந்த மருத்துவமனையில், கணைக்கால் எலும்பு (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) முறிந்தது தெரிந்தது. மருத்துவர் என் விரல்களைத் தொட்டு வினவ, ஜெசிந்தா மொழிபெயர்த்தார். நானோ கண்மூடி, இளமை முதல் ஓதிவரும் பதிகமொன்றைப் பற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் பிரணவம் சொல்வது என் வழக்கம்.

“டொக்டர் தொடுறது தெரியுதோ, ரீச்சர்?”

“ஓம்…”

“யா,” என்று ஜெர்மன் மொழியில் மருத்துவரிடம் ஆமோதித்தார் ஜெசிந்தா.

அக்கேள்வி என் செவியில் விழவே இல்லை. அரை மாவுக்கட்டுப் போட்டு, அறுவை மறுநாள் என்றார்கள். கால் வீங்கியது. மாலையில் ஜெசிந்தா என் விரல்களுக்குக் கம்பளி உறை மாட்ட முனைந்தார்.

“ஐஸ் மாதிரிக் கிடக்கு. இது தெரியுதோ?”

“எது?”

“கிள்ளுறன் ரீச்சர்!”

“தெரியலையேம்மா.”

“அப்ப டொக்டரிட்டை ஓம் எண்டனீங்கள்?”

“நான் சுவாமியைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

அவர் முகம் வெளிறியது. “ஐயோ மாதாவே! அது சாமியின்ரை ஓமோ? நான் எங்கடை ஓம் எண்டெல்லோ சொல்லிப்போட்டன்!”

ஈழத்தமிழில் ‘ஓம்’ என்றால் ‘ஆம்’. அவர்களோடு பழகி நானும் அப்படிச் சொல்லத் தொடங்கியிருந்தேன். ஆகவே ஜெசிந்தா ஐயப்பட இடமில்லை. “நைன்! நைன்!” (இல்லை! இல்லை!) என்று கூவிக்கொண்டு நடைக்கூடத்தில் அவர் ஓடிய ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

கூறிடை அழுத்தம் (வீங்கிய தசை தன் உறைக்குள் இறுகி நரம்பையும் இரத்தக் குழாயையும் நெரிப்பது) என்றார் மருத்துவர். உடனே அந்தத் தசையுறையைக் கீறித் திறந்தார்கள்.

“கால் தப்பீட்டுதாம் ரீச்சர். நரம்பு திரும்பி வருமோ எண்டு இப்ப சொல்ல ஏலாதாம்.”

எனக்கிருந்த ஆசை ஒன்றே: ஊர் திரும்பி, வெறுங்காலோடு கோயிலை வலம் வருதல். கல்லின் சூட்டை அறியாத பாதம் யாருக்குச் சொந்தமான பாதம்? அதை எண்ணி அழுதேன். ஜெசிந்தாவும் அழுதார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனி டொக்டர்மாரிட்டை ‘ஆமாம்’ எண்டு மட்டும் சொல்லுங்கோ. ஓமைக் கடவுளோடை வச்சுக்கொள்ளுங்கோ,” என்றார். தையல் வலிக்கச் சிரித்தேன்.

இயன்முறைப் பயிற்சி (அசைவையும் வலுவையும் மீட்கும் பயிற்சி) மாதக்கணக்கில் நீண்டது. ஒரு காலை, பயிற்சியாளர் விரலிடுக்கில் பஞ்சை இழுத்தபோது, எங்கோ தொலைவில் எறும்பொன்று ஊர்வதுபோல் இருந்தது.

“ஓம்,” என்றேன்.

“எந்த ஓம்?” என்று பதறினார் ஜெசிந்தா.

அன்பர்களே, மருத்துவர் வினவும்போது கண்களைத் திறந்து வையுங்கள். தெரிகிறது, தெரியவில்லை என்று முழுச் சொல்லாகச் சொல்லுங்கள். மரத்துப்போனதை வலியினும் விரைந்து சொல்லுங்கள். பிரார்த்தனை அதன்பின்னும் காத்திருக்கும்.

இன்று பிராகாரத்தில் வலம் வருகிறேன். இடப்பாதம் உடனே சுடுகிறது. வலப்பாதத்துக்குச் சூடு சற்றுத் தாமதித்தே வருகிறது. முன்பெல்லாம் பாட்டு முடியும் முன் சுற்றை முடிக்க விரைவேன். இப்போது நின்று, அந்தச் சூடு வந்து சேரக் காத்திருக்கிறேன். வந்ததும், ஓம் என்று சொல்லி அடுத்த அடியை வைக்கிறேன்.