மூணாவது பாலம் வரைக்கும் நடந்த பாய்

இல்லண்ணே, நடந்ததுனால சாகல. அப்பிடிப் பேசுறத முதல்ல நிப்பாட்டுங்க. "குவைத்து பாய் ஒழுங்கா வீட்டுல படுத்துக் கெடந்திருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாரு"ன்னு டீக்கடையில நீங்க சொன்னது என் காதுக்கும் வந்துச்சு, முருகேசண்ணே. திருச்சுழி ரோட்டுல காலையில நடந்த நம்ம ஏழு பேருல இப்ப என்னையத் தவிர ஒருத்தரும் வாரதில்ல. அன்னைக்கு நீங்க யாரும் வரல. கடைசியா அவுககூடப் போனவன் நான் மட்டுந்தான். அதான் உங்க எல்லாருக்கும் எழுதுறேன்.

அன்னைக்கு ஒம்பது மணி இருக்கும். லோடு ஆட்டோவுல நூல் பண்டல கொண்டுபோயி ஒரு தறிக்கூடத்துல எறக்கிக்கிட்டு இருந்தேன். பள்ளிவாசல் மைக்குல மவுத்து சொன்னாக. முகமது யூசுப், சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்னு. எனக்கு அவுக பேரு யூசுப்புன்னே தெரியாது. ரெண்டு வருசமா கூட நடந்த ஆளு, குவைத்து பாய்னே கூப்புட்டுப் பழகிட்டேன். யாரோ வயசானவுகபோலன்னு நெனச்சு இன்னும் ரெண்டு பண்டல எறக்குனேன். தறிக்காரருதான் சொன்னாரு, "ஏலே, அது உங்கூட நடக்குறவருடா." காலையில நடந்துட்டு வந்து, குளிச்சுட்டு, சாப்புட உக்காந்தவுக அப்பிடியே சாஞ்சுட்டாக. வயசு நாப்பத்தேழு.

அவுக எதுக்கு நடந்தாகன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. தொப்பையக் கொறைக்கன்னு நெனச்சிருப்பீக. குவைத்துல பதினோரு வருசம் டிரைவரா இருந்தாக. "உக்காந்தே சம்பாரிச்சேன், உக்காந்தே தின்னேன். பெட்டியில கொண்டாந்தது சுகரும் மூட்டுவலியுந்தான்"ம்பாக. ஊருக்கு வந்து செருப்புக்கடை வச்சாக. முட்டி மடங்காம, பள்ளிவாசல்ல கடைசி வரிசையில சேரு போட்டுத் தொழுதாக. அது அவுகளுக்குப் பொறுக்கல. "எங்க வாப்பா எழுவது வயசுலயும் தரையில நெத்திய வச்சாக. நான் நாப்பத்தஞ்சுல சேர்ல உக்காந்து தலைய ஆட்டுறேன்"னு ஒருநா சொன்னாக. அவுகளுக்கு அந்தச் சேர விட்டு எறங்கணும். அவ்வளவுதான்.

கடையில விக்காம நின்ன ஷூவத்தான் போட்டுக்கிட்டு வருவாக. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பிரவுனு. முருகேசண்ணே, நீங்ககூடக் கேட்டீக, "என்ன பாய், ஒரு காலு கல்யாணத்துக்கு, ஒரு காலு எழவுக்கா?"ன்னு. "ரெண்டும் ஒரே பக்கந்தான் போகுதுண்ணே"ன்னாக. கரண்டு கம்பத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்து எந்திரிப்பாக. மொத மாசம் மூணு தடவைக்கே கண்ணுல தண்ணி வரும். விடமாட்டாக. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ஒரு வெள்ளிக்கிழமைக்கு மறுநா எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்து, "எறங்கிட்டேன்"னு ஒரே வார்த்தை சொன்னாக. உங்களுக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சது.

இப்ப என் கதைக்கு வாரேன். நான் காலேஜ ரெண்டாம் வருசத்தோட விட்டவன். போலீஸ் செலக்சன்ல ரெண்டு தடவ ஓட்டத்துல போச்சு. அதனால நான் நடக்குறதில்ல, ஓடுவேன். ரெண்டு பேரும் ஒண்ணாக் கெளம்புவோம். நான் கண்மாய்க்கரை வரைக்கும் ஓடித் திரும்பி வருவேன், அவுக எதிர்த்தாப்புல நடந்து வருவாக. எங்க பாத்துக்கிறோமோ அதான் என் வேகத்துக்குக் கணக்கு, ஊருக்குக் கிட்டப் பாத்தா நான் வேகம். மூணாவது பாலத்துக்கிட்டதான் எப்பவும் பாப்போம். போன மாசம் அது மூணாவது பாலத்துக்கு முந்தி ஒரு புளியமரத்துக்கு வந்துச்சு. அப்புறம் ரெண்டாவது பாலம். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நான் வேகமாயிட்டேன்னு நெனச்சேன். வீட்டுல வந்து பெருமையடிச்சேன். இந்தத் தடவ செலக்சன் நிச்சயம்னேன். கையில கடிகாரம் கட்டியிருந்தேன், ஒருநாகூட அத வச்சுச் சரிபாக்கல. அவுக வேகந்தான் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அத எடுத்து என் கணக்குல போட்டுக்கிட்டேன்.

கடைசி நாள் ரெண்டாவது பாலத்துக்கும் வரல. மொதப் பாலத்துக் கட்டச் செவுத்துல உக்காந்திருந்தாக. அவுக நடுவுல உக்காந்து நான் பாத்ததே இல்ல. நெஞ்சத் தடவிக்கிட்டு இருந்தாக. வேர்வ சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு, அந்நேரத்துக்கு வெயிலே வரல.

"வாயுப்பா. மூணு நாளா இப்பிடித்தான் அடைக்குது"ன்னாக.

நம்ம ஊருல நெஞ்சப் புடிச்சா எல்லாருக்கும் வாயுதான. நானும் அதத்தான் சொன்னேன். "நடந்தா ஏப்பம் வந்துரும் பாய், எந்திரிங்க." கையப் புடிச்சுத் தூக்கிவிட்டேன். மூணாவது பாலம் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் கிண்டல் பண்ணிக்கிட்டே போனேன். திரும்பி வந்து சோடா வாங்கிக் குடுத்தேன். பெருசா ஒரு ஏப்பம் விட்டாக. ரெண்டு பேரும் சிரிச்சோம். "நீ வரவர வேகமாகுற, நான் வரவரக் கெழவனாகுறேன்"னாக. நான் இல்லன்னு சொல்லல.

ஆசுபத்திரி அங்கயிருந்து வண்டியில பத்து நிமிசம்.

மூணாம் நா பாய் வீட்டுக்குப் போனேன். அவுக சம்சாரம், நான் அக்கான்னு கூப்புடுறவுக, இத்தாவுல இருக்காக. புருசன் போனா நாலு மாசம் பத்து நா வெளியாம்பளைக முன்னால வரமாட்டாக. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுனாக. போன வெள்ளிக்கிழமை பாய் பள்ளிவாசல்ல மறுபடி சேரு கேட்டாகளாம், வீட்டுல யாருகிட்டயும் சொல்லலயாம். பெறகு அக்கா கேட்டாக, "உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாகளாப்பா? நெஞ்சு வலிக்குது, அது இதுன்னு?"

"இல்லக்கா. நல்லாத்தான் நடந்தாக"ன்னுட்டேன்.

மொகம் தெரியல. அதனால பொய் லேசா வந்துருச்சு. சரிப்பா, அல்லா நாடுனதுன்னாக. உள்ள போயிட்டாக. எனக்கு டீ வந்துச்சு. அதையும் குடிச்சுட்டு வந்தேன்.

அவுககிட்ட இருந்து நான் வச்சிக்கிட்டது அந்த வேகந்தான். இப்ப நான் ஓடுறதில்ல. காலையில அதே நேரத்துக்குப் போறேன், அவுக நடந்த வேகத்துல நடக்குறேன். அந்த வேகத்துல போனாத்தான் அவுக எவ்வளவு பாடுபட்டு அம்புட்டுத் தூரம் வந்தாகன்னு தெரியுது. நீங்களும் வாங்க. அவுக ரெண்டு வருசம் நல்லா இருந்தது நடந்ததுனாலதான். செத்தது எல்லாரும் வாயுன்னு சொல்ற ஊருல, என் பேச்சக் கேட்டு எந்திரிச்சதுனால. நெஞ்சு அடைச்சா நடக்காதீக. யாரு கையப் புடிச்சு இழுத்தாலும் எந்திரிக்காதீக.

உங்களுக்குச் சொல்லிட்டேன். சொல்ல வேண்டியவுகளுக்கு இன்னும் சொல்லல. அக்காவோட தம்பிக்கு இப்பத்தான் போன் போட்டேன், அக்காகிட்ட ஒண்ணு சொல்லணும்னு. என்னன்னு கேட்டாரு. வந்து சொல்றேன்னேன். அப்புறம், அக்கா கதவுகிட்டதான் உக்காந்திருக்கு, வான்னாரு. நான் போகணும்.