மேரி அக்கா வீட்டுக் கூட்டம்

அம்மா, செல்வி சித்தி, காசியம்மா, மேரி அக்கா, அவள் மாமியார், அஞ்சலை, தவமணி, கோகிலா, கோகிலாவின் அண்ணி. எல்லோரும் முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள். கூட, கடலூரிலிருந்து வந்த சங்கத்து அண்ணனும் சின்னப் பெண்ணாக நானும்.

நேற்று பண்ருட்டி டீக்கடை அடுப்பில் முந்திரி ஓடு எரிந்தது. அந்தப் புகை மூக்கில் ஏறியதும், அன்று மேரி அக்கா வீட்டில் இருந்த இவ்வளவு பேரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் சேலையிலும் இதே வாடைதான். ஓட்டு எண்ணெய் பட்டு எல்லோருக்கும் விரல்கள் வெந்து கறுத்திருக்கும்.

"ஏழு பேராவது கையெழுத்து போட்டாத்தான் சங்கத்தப் பதிய முடியும்" என்றார் அண்ணன்.

அப்போது முதலாளி வாசலில் வந்து நின்றார். அவர் அம்மாவுக்குப் பெரியப்பா மகன்.

"ஏன் தங்கச்சி, காலனி வூட்ல குந்திகினு எனக்கே சங்கமா? நம்ம சொந்தக்காரவுங்க எழுந்து வாங்க. வராதவுங்களுக்கு நாளையிலேர்ந்து வேலை இல்ல."

கோகிலாவும் அவள் அண்ணியும் தலைகுனிந்தபடி வெளியே போனார்கள். பிறகு அம்மாவும் எழுந்து வாசலுக்குப் போனாள். சங்கத்து அண்ணன் பேனாவை மூடினார்.

"கூலி குடுக்கறப்ப தங்கச்சின்னு தெரியலியா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, முதலாளி முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள் அம்மா. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சங்கத்து அண்ணன் உள்ளே இருந்த பெண்களை எண்ணினார். ஏழு.