பொட்டழிக்காத மச்சாளுக்கு லோயர் பிடித்துக் கொடுத்தவன்

ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது எனக்கு ஒரு சொல் இங்கிலீஸ் தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பார்க்டேலில் ஓர் அறைக்குள் ஆறு பேராகக் கிடந்து, பனிக்குள் கூரை ஏறி ஆணி அடித்துத் தொடங்கினேன். இன்றைக்குக் கூரைக் கொம்பனி என்னுடையது. ஸ்காபரோவில் பலசரக்குக் கடை நான் திறந்தது. யூனியன்வில் வீடு, அத்திவாரக் கிடங்கு வெட்டினதிலிருந்து கதவு பூட்டினது வரைக்கும் நான் நின்று கட்டினது. ஒருவரும் கைகொடுக்கவில்லை. இதையெல்லாம் சனம் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. என் மனுசியின் தங்கச்சியை, என் மச்சாளை, இந்த நாட்டில் இருக்கப் பண்ணினதும் நான்தான்.

மச்சாளின் புருசனைச் சண்டை முடிந்த நாட்களில் ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. முகாம் முகாமாகத் தேடி, மற்றப் பெண்களோடு தெருவில் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தவள். அதற்காகவே வீட்டுக்கு ஆட்கள் வந்து வெருட்டத் தொடங்கின பிறகுதான் இங்கே வந்து அகதி கேட்டாள். வழக்கு எழுதிக் கொடுக்க முன்வந்தவர் பிரின்சிப்பல் மாஸ்டர். ஊரில் பள்ளிக்கூடம் நடத்தின மனுசன். இங்கே கோயிலில் முதல் விபூதி அவருக்குத்தான். வந்த சனத்துக்கெல்லாம் இங்கிலீசில் கதை எழுதிக் கொடுப்பார். சும்மா செய்கிறபடியால் அவரை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. "லோயர் என்னத்துக்கு? நான் இருக்கிறனெல்லே" என்றார். ஆணி அடிக்கிற வேலைக்கே லைசென்ஸ் உள்ளவனைப் பார்த்துத்தானே கூப்பிடுகிறோம் என்று நான் அப்பவே சொன்னேன். "படிச்ச மனுசன் சொல்லுறார், நீங்கள் சும்மா இருங்கோ" என்று மனுசி என் வாயை அடைத்துவிட்டாள்.

மாஸ்டர் என்ன எழுதினார் தெரியுமா? மச்சாளின் கண்ணுக்கு முன்னாலேயே புருசனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று. "காணாமல் போனதெண்டால் இவங்களுக்கு விளங்காது பிள்ளை. செத்ததெண்டால்தான் கேஸ் நிக்கும்." விசாரணை கொம்பியூட்டரில் நடந்தது, எங்கள் சாப்பாட்டு மேசையில். அன்று காலமை வந்த மாஸ்டர் மச்சாளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உந்தப் பொட்டை அழி, தாலியைக் கழற்றி வை. விதவை மாதிரி இருக்கவேணும்" என்றார்.

"மாட்டன்" என்றாள் மச்சாள்.

"ஒரு மணித்தியாலத்துக்குத்தானேடி" என்று என் மனுசி கெஞ்சினாள்.

"ஒரு நிமிசத்துக்கும் மாட்டன் அக்கா. அழிச்சனெண்டால் அவரை நானே கொன்ற மாதிரி."

பொட்டோடுதான் இருந்தாள். புருசன் எப்போது செத்தார் என்று திரையில் இருந்தவர் கேட்டார். "அவர் சாகேல்லை. வருவார்" என்றாள். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று. எது பொய் என்று அவர் திருப்பித் திருப்பிக் கேட்க, இவள் அழத் தொடங்கினாள். நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்ல ஒரு லோயர் இல்லை. மாஸ்டருக்கு அங்கே வாய் திறக்க உரிமை இல்லை. மூலையில் இருந்தபடி என் மனுசியிடம் தேத்தண்ணி கேட்டார். தன் வாயாலேயே தன்னைக் காப்பாற்றச் சொல்கிறது இந்த நாடு. அந்த வாய்க்குத் துணையாக ஓர் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. கடைசியில் மச்சாள் பொய்க்காரி என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடும் தோற்றால் அவள் திரும்பிப் போகவேண்டியதுதான், வீட்டுக்கு வந்து வெருட்டினவர்களிடமே.

மாஸ்டர் அந்தப் பக்கம் வரவில்லை. நான்தான் கூரை வேலையை விட்டுவிட்டு லோயர்மாரின் கந்தோர்களுக்கு அலைந்தேன். ஒருவர் கை நிறைய வழக்கு என்றார். இன்னொருவர், மேல்முறையீட்டுத் தவணை முடியப்போகுது, இனித் தொடேலாது என்றார். உள்ளே விடாத இடத்தில் வாசலில் நின்றேன். கடைசியில் இங்கே பிறந்து வளர்ந்த எங்கட லோயர் பிள்ளை ஒன்றை, காருக்குப் போகும்போது வழிமறித்தேன். "அங்கிள், ப்ளீஸ், அப்பொயின்ற்மென்ற் எடுத்திட்டு வாங்கோ" என்றது. "நீ என்ரை மச்சாளை ஒருக்கால் பாரம்மா, பிறகு போ" என்றேன். மச்சாளைக் காரிலேயே கொண்டுவந்திருந்தேன். திரும்பக் கந்தோருக்குள் கூட்டிக்கொண்டு போய், ஃபைலைப் புரட்டிவிட்டு அந்தப் பிள்ளை கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அன்ரி, ஃபைலிலை அங்கிள் செத்திட்டார் எண்டு இருக்கு. நீங்கள் ஏன் பொட்டு வச்சிருக்கிறீங்கள்?"

"அவர் செத்தவரெண்டு நான் ஆருக்கும் சொல்லேல்லையே, பிள்ளை."

பிள்ளை பேனையை வைத்துவிட்டது. "இவ்வளவு நாளும் ஒருத்தரும் உங்களைக் கேக்கேல்லையா?"

கேட்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் சட்டப்படி நடந்தது. மேல்முறையீட்டில் மறுவிசாரணை கிடைத்தது. லோயர் பக்கத்தில் இருக்க, மச்சாள் பொட்டோடு உண்மையைச் சொன்னாள். ஏற்றுக்கொண்டார்கள்.

றிச்மண்ட் ஹில் கோயிலில் பூசை செய்து, மண்டபத்தில் சாப்பாடும் கொடுத்தோம். மச்சாள் மைக்கைப் பிடித்தாள். பிள்ளையாருக்கு நன்றி. லோயர் பிள்ளைக்கு நன்றி. பிறகு, "என்ரை கேஸை எழுதித் தந்த மாஸ்டர்" என்று சொல்லி அந்த மனுசனுக்குப் பொன்னாடை போர்த்தினாள். சபை கை தட்டியது. நான் கை தட்டவில்லை. திரும்பி வரும்போது, என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று காரில் கேட்டேன்.

"அவர் பெரிய மனுசன், சபையிலை சொல்லாமல் விடேலுமே அத்தான்? நீங்கள் வீட்டு ஆள். வீட்டு ஆளுக்கு ஆர் மைக்கிலை நன்றி சொல்லுறது?"

"இவருக்குப் பொன்னாடை வேணுமாம்" என்று மனுசி சிரித்தாள். "வீட்டிலை மேசைச்சீலை கிடக்கு, போத்திவிடுறன்."

சிரிக்கட்டும். ஆனால் அந்தப் பொன்னாடையைப் பார்த்த சனம், வழக்கை வென்றது மாஸ்டர்தான் என்று நம்பிவிட்டது. தீவுப்பக்கத்துப் பெடியன் ஒருவன் லோயர் தேடாமல் அவரிடம் போனான். அவனுக்கும் கதை எழுதிக் கொடுத்தார். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் அவருடைய வாசலில் சனம் செருப்புக் கழற்றிவிட்டு நிற்கிறது.

ஆகையால் கேட்கிறேன். வருகிற திருவிழாவில் மச்சாள் அதே சபையில் ஏறிச் சொல்லவேண்டும். முதல் வழக்கைத் தோற்கடித்தது மாஸ்டரின் எழுத்து. வென்று தந்தது லோயர். அந்த லோயரைக் கதவு கதவாய் அலைந்து பிடித்துக்கொண்டு வந்தவன் நான். அத்தான் என்று மட்டும் சொன்னால் காணாது. என் முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு, மாஸ்டர் முன்வரிசையில் இருக்கும்போது, மைக்கில் சொல்லவேண்டும்.