நீல டிரம்மில் முன்பு என்ன இருந்தது

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்த தெருவில் நீல டிரம் இல்லாத வீடே கிடையாது. தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு ரசாயனம் வந்து இறங்கும் டிரம்கள்தாம். காலியானதும் பழைய சாமான்காரர் வாங்கிவந்து எங்களிடம் விற்பார். புளி போட்டுத் தேய்த்து நல்ல வெயிலில் கவிழ்த்துவைத்தால் சுத்தம் என்பது எங்கள் தெருவின் சட்டம். அப்புறம் குடிக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அதில் பிடித்துவைக்கும் லாரித் தண்ணீர்தான்.

என் மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. வயிற்றிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. மருந்து தடவினால் அடங்கும், குளிப்பாட்டினால் மறுபடி கிளம்பும். எனக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. டிரம்மைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் பாதி கிழிந்த லேபிளில் ஒரு வெப்சைட்டும், சரக்கின் பெயரும், ஓர் எண்ணும் இருந்தன.

"தெருவே இத்துலதான் குடிக்குது. உனுக்கு மட்டும் இன்னா பேஜாரு?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தையை அவர் மடியில் போட்டேன். லேபிளில் இருந்ததை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பஜாரிலிருந்த பிரவுசிங் சென்டருக்கு நடந்தேன்.

அந்த வெப்சைட் திறக்கவே ஒரு யுகமானது. திறந்தால் பச்சை வயலும், சிரிக்கிற வெள்ளைக்காரக் குடும்பமும். எதைத் தொட்டாலும் கம்பெனியின் பெருமைதான். மேல் மூலையில் தேடுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. இதில் குழந்தையைக் குளிப்பாட்டலாமா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முழுக் கேள்வியையும் அடித்தேன். ஒன்றுமில்லை என்றது. சரக்கின் பெயரை அடித்தால் அதே பெயரில் வண்டி வண்டியாக வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையில் எழுதியது வேறு வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அடித்தேன். ஒரே ஒரு பக்கம் வந்தது, ஆனால் அனுமார் வால் மாதிரி நீளம்.

நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதைச் சென்டர்காரர் பார்த்துவிட்டார்.

"இப்டியே பட்ச்சிக்கினு இருந்தா பொழுதே பூடும்மா. கன்ட்ரோலும் எஃப்பும் சேத்து அமுக்கு. எந்த வார்த்த ஓணுமோ அத்த அடி, அங்கியே போய் நிக்கும்."

தோலுக்கான இங்கிலீஷ் வார்த்தையை அடித்தேன். அரிப்பு, தடிப்பு என்று நின்றது. அடுத்து, காலி என்பதற்கான வார்த்தை. கழுவிய பிறகும் காலி டிரம்மில் குடிநீரோ உணவோ வைக்கக் கூடாது என்று இருந்தது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் டிரம்மை வாசலில் சாய்த்துவிட்டேன். லாரித் தண்ணீர் முந்தின நாள்தான் வந்திருந்தது. அடுத்த லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு அக்கா குடத்தோடு ஓடிவந்தார்.

"ஐயையோ, தண்ணிய இப்டி கொட்றியே, உனுக்கு இன்னா பைத்தியமா?"

கம்ப்யூட்டரில் பார்த்ததையெல்லாம் மூச்சுவாங்கச் சொன்னேன். உங்கள் டிரம்மிலும் வைக்காதீர்கள் என்றேன். அவர் திரும்பித் தன் வீட்டு வாசலில் இருந்த நீல டிரம்மைப் பார்த்தார். பிறகு குனிந்து, என் டிரம்மின் வாயில் இன்னும் வழிந்துகொண்டிருந்த தண்ணீரைக் குடத்தில் பிடித்தார்.

"சரி, வேற எத்துல புடிச்சி வெக்கறதுன்னு அதுல போட்டிருந்துச்சா?" என்று கேட்டார்.

அதை நான் தேடவில்லை.