நாலு வீட்டுக்கு ஒரே ரிமோட்டு

கிரைண்டர் ஓடுனா டிவில கோடு கோடா வரும். உளுந்து அரையுற வாசனை, கடகடன்னு சத்தம், நடுவுல யாரோ ஒரு வெள்ளைக்காரர் கமென்ட்ரி... என் ஃபுட்பால் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது.

மந்தவெளி ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி. அம்மா இட்லி மாவு அரைச்சு மாட வீதி வரைக்கும் சப்ளை பண்ணுவாங்க. ஏரியாவுக்கே அவங்க "மாவு அக்கா".

அப்போ எங்க கேபிள்ல ஃபுட்பால் சேனல் வராது. அதனால எங்க மாடியில இருந்த நாலு வீடும் சேர்ந்து மொட்டை மாடில ஒரே ஒரு டிஷ் போட்டோம். பாக்ஸ் எங்க வீட்டுல. அதுலேர்ந்து ஜன்னல் வழியா வயர் இழுத்து மத்த மூணு வீட்டுக்கும் கனெக்‌ஷன்.
(தப்புதான்... இப்ப போய் யாரும் கேஸ் போட்டுடாதீங்கப்பா!)

இதுல ஒரு கூத்து இருக்கு. பாக்ஸ் ஒண்ணுதானே? எங்க வீட்டுல என்ன சேனல் ஓடுதோ, அதான் நாலு வீட்டுலயும் ஓடும். அம்மா கை தவறி ஒரு பட்டனை அமுக்கிட்டா போதும்... "யக்கோவ்! இன்னாக்கா பண்றே!"ன்னு மூணு வீட்டுலேர்ந்தும் சவுண்டு வரும். ரிமோட்ட பிளாஸ்டிக் கவர் போட்டு இடுப்புல சொருகியே வெச்சிருப்பாங்க அம்மா.

சண்டை வராம இருக்க ஒரு சட்டம் போட்டிருந்தாங்க. ஏழரை மணி சீரியல்ல மட்டும் எவனும் கை வைக்கக் கூடாது. பாக்கி நேரம் பசங்க ராஜ்ஜியம்.

பக்கத்து வீட்டு ரஃபி என் உயிர் நண்பன். ஸ்கூல் காலத்துலேர்ந்து எந்த மேட்ச்சா இருந்தாலும் எங்க வீட்டுத் தரையில ஒண்ணாதான் உக்காருவோம். ஐடிஐ முடிச்சு ஏசி மெக்கானிக்கா தோஹால வேலை கெடச்சுது அவனுக்கு. கெளம்புற நாள் வெள்ளிக்கிழமை, அன்னைக்கு ராத்திரியே ஃப்ளைட்டு.

அன்னைக்குப் பாத்து வேர்ல்ட் கப் குவார்ட்டர் ஃபைனல். பிரேசில் ஆடுது. எத்தனை மணிக்கு? கரெக்டா ஏழரைக்கு!

சீரியல்லயோ கோர்ட் சீன். ஹீரோயின் வாயத் தொறந்து உண்மையச் சொல்லப் போற நாள்...

"விடு மச்சி, பாத்துக்கலாம்"னான் ரஃபி. சொன்னானே தவிர, மூஞ்சி தொங்கிப் போச்சு. நாங்க சேர்ந்து பாக்குற கடைசி மேட்ச்னு ரெண்டு பேருக்குமே தெரியும்.

நான்தான் தைரியமா அம்மாகிட்ட கேட்டேன். அங்க ரஃபியோட அம்மா மும்தாஜ் ஆன்ட்டி, ரஃபி கொண்டு போறதுக்கு ஊறுகாய பார்சல் கட்டிக்கிட்டு இருந்தாங்க. தலையக் கூட தூக்கல.

"நீ சீரியலே போடுக்கா. அவன் போற ஊர்ல இல்லாத டிவியா? அங்க பாத்துக்குவான்."

"பாப்பான் மும்தாஜ்... யார் கூட பாப்பான்?"ன்னாங்க அம்மா.

ஆன்ட்டி முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க.

அம்மா இடுப்புலேர்ந்து ரிமோட்ட உருவி அமுக்குனாங்க. பச்சைப் பசேல்னு கிரவுண்டு வந்துச்சு. அவ்ளோதான்... எதிர்வீட்டு தனம் அக்கா தலைவிரி கோலமா ஓடி வந்தாங்க.

"யக்கா! கோர்ட் சீன் கீதுக்கா! ரெண்டு வாரமா வெயிட் பண்ணிக்கினு கீறேன்!"

"அடியே, அந்தப் பொண்ணு நாளைக்கும் கோர்ட்லயேதான் நிக்கப் போவுது. இந்தப் புள்ள நாளைக்கு இங்க இருக்க மாட்டான். வந்து உக்காரு."

சொல்லிட்டு, ஓடிக்கிட்டு இருந்த கிரைண்டர டப்புன்னு ஆஃப் பண்ணாங்க. படத்துல கோடு விழுமாம். மாவு பாதியில நிக்குது... எங்க அம்மா யாருக்காகவும் கிரைண்டர நிறுத்தி நான் பாத்ததே இல்லீங்க.

அவங்கவங்க வீட்டு டிவிலயும் அதே மேட்ச்தான் ஓடுது. ஆனா நாலு வீட்டு ஜனமும் எங்க ஹால்லதான். முதல் பாதியில பிரேசில் கோல் போட்டப்ப தனம் அக்கா போட்ட கூச்சல் இருக்கே... கீழ் வீட்டுக்காரர் கரண்டியோட மேல வந்துட்டாரு!

ரெண்டாவது பாதியில எல்லாம் போச்சு. தோத்துட்டாங்க.

ரஃபி தேம்பித் தேம்பி அழுதான். பிரேசிலுக்காகன்னு சொன்னான். நாங்களும் அப்படியே வெச்சுக்கிட்டோம். மும்தாஜ் ஆன்ட்டி சோத்தப் பெசஞ்சு, அவ்ளோ பெரிய ஆளுக்கு ஊட்டி விட்டாங்க.

அன்னைக்கு எங்க அம்மாவ நெனச்சு எனக்கு வந்த பெருமை... இப்ப டைப் பண்றப்பவும் நெஞ்சு நிமிருது.

இப்ப நான் நங்கநல்லூர் ஃப்ளாட்டுல. அம்மாவும் எங்ககூடதான். கிளப் மேட்ச்சுக்கு ஒரு ஆப், ஐரோப்பா கப்புக்கு இன்னொண்ணு, நம்ம நாட்டு லீகுக்கு வேற ஒண்ணு. வருஷா வருஷம் ரேட்ட ஏத்திக்கிட்டே போறான். போன வாரம் ரினியூவல் மெசேஜ் வந்ததும் என் வீட்டம்மா கேட்டாங்க, "ஒரே ஒரு பந்துக்கு எத்தனை பேருக்குங்க காசு கட்டுவீங்க?"

கட்டிட்டேன்.

ஏன்னா சனிக்கிழமை ஆனா ரஃபி கூப்புடுவான். தோஹாவுலேயே சொந்தமா ஏசி சர்வீஸ் வெச்சு, நம்ம ஊர் பசங்களுக்கு வேலை குடுக்குறான் அவன். கெத்து! அங்க அவன் ஒரு ஆப்புல, இங்க நான் ஒரு ஆப்புல. ஃபோன ஸ்பீக்கர்ல போட்டு வெச்சுட்டு மேட்ச் பாப்போம்.

அப்பல்லாம் கோல் விழுந்தா நாலு வீட்டுக்கும் ஒரே நேரத்துல விழும். இப்ப அப்படியா? என் புள்ள அவன் ரூம்ல ஃபோன்ல பாத்து கத்தி முடிச்சப்புறம்தான் என் டிவில பந்து உள்ளயே போவுது...

போன சனிக்கிழமை நானும் ரஃபியும் "கோல்!"னு கத்துனோம். சோஃபால இருந்த அம்மா சொன்னாங்க.

"டேய், அவனுக்கு உனக்கு முன்னாடியே வந்துடுதுடா. பேசிக்கிட்டே இருக்கறவன் திடீர்னு கம்முனு ஆயிடுறான். நீ கத்துனப்புறம்தான் கத்துறான்."

எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. "நெசமாடா ரஃபி?"ன்னேன்.

சிரிச்சான்.

"ஆமா மச்சி. எனக்கு அரை நிமிஷம் முந்தியே வந்துரும். தனியா கத்தி இன்னா பண்ணச் சொல்றே?"