ஏசி அறையில் சாம்பிராணி

முதலில் அது வெறும் கரகரப்புதான். காலையில் எழுந்ததும் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும்; காபி குடித்தால் போய்விடும். தவக்காலம் தொடங்கியபோது காபிக்கும் அது மசியவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலில், தவக்கால வெள்ளிதோறும் சிலுவைப்பாதைப் பாட்டை எடுத்துக்கொடுப்பவள் நான். பள்ளியில் தமிழாசிரியை. குரல் போய்விட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? அதைவிடப் பெரிய பயமும் இருந்தது. என் அப்பா தொண்டைப் புற்றுநோயில் போனவர். அவருக்கும் கரகரப்பில்தான் தொடங்கியது.

பயத்தில் டாக்டரிடம் போகாமல் கைவைத்தியத்தில் இறங்கினேன். தெருமுனையில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசிதான் காரணம் என்று நானே தீர்ப்புச் சொல்லி, படுக்கையறை ஜன்னல்களை இழுத்துச் சாத்தினேன். பகலிலும் ஏசி ஓடியது. சளிக்குச் சாம்பிராணி நல்லது என்று கேட்டு வளர்ந்தவள் நான். தலைக்குக் குளித்தாலும் சாம்பிராணி, பிள்ளை பெற்றாலும் சாம்பிராணி. ஆகவே மாலையானால் அறையில் புகை போட்டுக் கதவைச் சாத்துவேன். புகை வீணாகிவிடக் கூடாதே என்று கதவைத் திறக்காமலே ஏசியை ஓடவிடுவேன். தொண்டை மோசமாக ஆக, சாம்பிராணியைக் கூட்டினேன்.

என் கணவர் அந்தோணி இருமிக்கொண்டே உள்ளே வருவார். “இன்னா ஸ்டெல்லா, பெட்ரூமா பீடமா? மணி ஒண்ணுதான் குறைச்சல்” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயிலில் பின்வரிசையில் நின்று ஒருநாளும் வாயைத் திறக்காத மனுஷனுக்கு என்ன பக்தி, இதில் கிண்டல் வேறு.

கடைசியில் அவர்தான் என்னை அடையாறில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இழுத்துப் போனார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அப்பாவின் முகமே கண்ணில் நின்றது. லாரிங்கோஸ்கோபி (மூக்கு வழியாக மெல்லிய குழாய் கேமராவை விட்டுக் குரல்நாண்களைப் பார்ப்பது) செய்தார்கள். கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான். நீங்கள் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

“கட்டி எதுவும் இல்லம்மா. குரல்நாண் நல்லா செவந்து வீங்கியிருக்கு” என்றார் டாக்டர். லாரிஞ்சைடிஸ் (குரல்வளை அழற்சி) என்று எழுதினார். “வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?”

இல்லையென்று தலையாட்டினேன்.

“சிகரெட் இல்ல டாக்டர், சாம்பிராணி. ஏசி ரூம்ல கதவ சாத்திக்கினு” என்று அந்தோணி போட்டுக்கொடுத்துவிட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. “உங்க ஏசி வெளிய இருந்து காத்து எடுக்கிறது இல்லம்மா. உள்ள இருக்கிறதையே குளுர வெச்சு திரும்ப உங்களுக்கே குடுக்குது. காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுத்துடுது. காஞ்சுபோன தொண்டையில புகையும் சேர்ந்தா அது என்ன பண்ணும், பாவம்!”

அங்கேயே அழுதுவிட்டேன். அப்பாவுக்கு வந்தது எனக்கு வரவில்லை என்ற நிம்மதி. கூடவே வெட்கமும்.

சில வாரங்கள் பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் குரல்நாணுக்குச் சிரமமாம். அடிக்கடி தண்ணீர் குடித்தேன். பள்ளம் தோண்டும் வேலை தொடங்குமுன், அதிகாலையில் ஜன்னல்களைத் திறந்துவைத்தோம். ஏசியின் வடிகட்டியைக் கழற்றினால் சாம்பல் கம்பளி மாதிரி தூசி அப்பியிருந்தது. ஒரு கிண்டலும் செய்யாமல் அந்தோணி அதைக் குழாயடியில் கழுவினார். ஏசியை விட்டுவிடவில்லை, சென்னை வெயிலில் அது நடக்கிற காரியமா? குளிரைக் குறைத்து, மின்விசிறியும் போட்டுக்கொண்டோம். சாம்பிராணி மட்டும் அறையை விட்டு வெளியேறியது.

பெரிய வெள்ளிக்கு டாக்டர் அனுமதி தந்தார், உச்சத்துக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு. சிலுவைப்பாதையின் முதல் ஸ்தலத்தில் பழைய உயரத்தைத் தொடவே பயமாக இருந்தது. இயன்ற கீழ்க்குரலில் எடுத்தேன். இரண்டாவது அடியில் பின்னாலிருந்து ஆண்களின் குரல்கள் எழுந்தன. இதுவரை எங்கள் கோயிலில் நான் கேட்டிராத சத்தம். திரும்பிப் பார்த்தேன். அந்தோணி கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை தவறாமல் பாடிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது கேட்டேன், “இத்தனை வருஷமா ஏங்க பாடல?”

“நீ எடுக்கிற உசரத்துக்கு நான் எங்கடி வர்றது?”

பழைய குரல் இன்னும் முழுதாக வரவில்லை. வரும் என்கிறார் டாக்டர்; எனக்கு இப்போது அவசரமில்லை. காலையில் ஜன்னலைத் திறந்து, தண்ணீர் குடித்துவிட்டு, சன்னமாகப் பாடிப் பார்க்கிறேன். கீழேயிருந்துதான் எடுக்கிறேன். அவருக்கும் எட்ட வேண்டுமே.