சூட்டுப் பால்

போன வெள்ளிக்கிழமை மதியம் கடலூரிலிருந்து மகள் போன் செய்தாள். வங்கி வேலை நேரத்தில் அவள் பேசுவதில்லை. கழிப்பறைக்குள் நின்று பேசுகிறாள் என்பது குரலின் எதிரொலியிலேயே தெரிந்தது.

"அம்மா, நான் வேலைய விட்டுடலாம்னு பாக்கறேன். சாயங்காலம் போனா குட்டி எங்கிட்ட பால் குடிக்க மாட்டேங்கறா. மூஞ்சத் திருப்பிக்கறா. புள்ள ஒன்ன மறந்துட்டான்னு அத்தை சொல்றாங்க."

மாமியாரைத்தான் சொன்னாள். மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"அவரு ஒண்ணும் சொல்லலம்மா."

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வார்த்தைகளை, ஏறக்குறைய அதே வரிசையில், எட்டு வயதில் கேட்டிருக்கிறேன். "நான் வர்ற வரைக்கும் எதையும் எழுதிக் குடுத்துடாதே" என்று மட்டும் சொன்னேன்.

அப்போது நாங்கள் சிதம்பரத்தில், தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அம்மா கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். அப்பா அதே ஊரில் இன்னோர் அலுவலகத்தில் குமாஸ்தா. காலையில் ஒரே பஸ்ஸில் போவார்கள், மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். தம்பி பிறந்து, பிரசவ விடுப்பு முடிந்து அம்மா வேலைக்குத் திரும்பியபோது அவனுக்குக் கழுத்துகூடச் சரியாக நிற்கவில்லை. பகலில் அவனைப் பார்த்துக்கொள்வதற்காகச் சேத்தியாத்தோப்பிலிருந்து அப்பாவின் அக்கா வந்து தங்கினார். அத்தை கெட்டவர் இல்லை என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் சொல்ல மனம் வரவில்லை.

அத்தை வந்ததும் ஒரு சட்டமும் வந்தது. வெயிலில் போய், பஸ் அனலில் இடிபட்டு வருகிற பெண்ணின் உடம்பு சூடாக இருக்கும். அந்தச் சூடு பாலில் இறங்கியிருக்கும். அந்தச் சூட்டுப் பாலைக் குடித்தால் குழந்தைக்கு வயிறு கெடும், சளி கட்டும், கட்டி வரும். அதனால் அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் கொல்லைக்குப் போக வேண்டும். குளிக்க வேண்டும். கட்டியிருக்கும் பாலை ஒரு டம்ளரில் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும். பிறகு ஈரத்தலையோடு கிணற்றடியில் உட்கார்ந்து உடம்பு ஆற வேண்டும். அதன் பிறகுதான் பிள்ளையைத் தொடலாம்.

அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே தம்பி வீறிட்டு அழுவான். அவனைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போக வேண்டும். அம்மா அவனைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே போவாள். அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருக்கும். அது வியர்வை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலேயே வரும் அப்பா கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, அதே பஸ்ஸின் புழுதி படிந்த சட்டையோடு தம்பியை வாரி எடுத்து முத்தம் கொடுப்பார்.

ஒருநாள் அத்தையிடம் கேட்டேன், "அப்பாவுக்குச் சூடு இல்லியா அத்தை?"

"ஆம்பளைக்கு என்னாடி சூடு?" என்றார் அத்தை. "கேள்வியப் பாரு. இவளும் டைப் அடிக்கத்தான் போவப் போறா."

அப்பாவும் சிரித்தார்.

டம்ளர் பாலைக் கொட்டும் பொறுப்பு எனக்கு. கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. கால் படும் இடத்தில் கொட்டினால் பாவம். எறும்பு மொய்த்தால் அம்மாவுக்குப் பால் வற்றிவிடும். எனவே வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நின்ற கறிவேப்பிலைக் கன்றின் தூரில் ஊற்றி, மேலே ஒரு செம்பு தண்ணீரும் விட வேண்டும். அந்தக் கோடையில் தெருவில் எல்லோர் வீட்டுச் செடியும் காய்ந்து நிற்க, எங்கள் கறிவேப்பிலை மட்டும் கொழுகொழுவென்று தழைத்தது. அக்கம்பக்கத்தார் வந்து கேட்டு வாங்கிப்போனார்கள். அத்தை பெருமையோடு ஒடித்துக் கொடுப்பார். எங்கள் வீட்டு ரசத்திலும் சட்னியிலும் அதுதான் மணத்தது. என் தம்பி பசியில் கத்தக் கத்த, அவனுடைய பாலைச் செடி குடித்தது, செடியை நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

நடு அறையில் தம்பியின் தூளி தொங்கும். அந்த அறைக்குச் சந்துப் பக்கம் ஒரு கதவு உண்டு. ஒரு மாலை டம்ளரோடு சந்தில் நின்றபோது அவன் அழுகை தாங்க முடியவில்லை. அத்தை அடுப்படியில் அப்பாவுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கிணற்றடியில் ஆறிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு கையால் தூளியை ஆட்டி, மறுகையில் பேப்பரைப் பிடித்திருந்தார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மாடத்தில் பாலாடை இருந்தது. குழந்தைகளுக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட சின்ன வெள்ளிக் கிண்ணம். அதில் டம்ளர் பாலை ஊற்றித் தம்பியின் வாயில் வைத்தேன். அவன் ஒரு விக்கல் விக்கிவிட்டு, சப்புக்கொட்டிக் குடித்தான். முழுவதையும் குடித்தான். அப்படியே தூங்கிப்போனான்.

அப்பா பேப்பரை இறக்கிப் பார்த்தார். என் கையிலிருந்த காலி டம்ளரைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு, உதட்டின் மேல் விரலை வைத்துச் சிரித்தார்.

அப்பாவை அன்றைக்குப் போல எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. அப்பாவுக்கும் எனக்கும் ஒரு ரகசியம். அத்தைக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் நடந்தது. செடிக்கு வெறும் தண்ணீர் ஊற்றினேன்.

அம்மா ஆறிமுடித்து, தலையைத் துவட்டிக்கொண்டு ஓடிவருவாள். தம்பி வயிறு நிறையத் தூங்கிக்கொண்டிருப்பான். எழுப்பி மடியில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். காம்பை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளுவான். இரவில் அவன் அத்தையின் பக்கத்தில்தான் படுத்திருப்பான். "நீ காலைல பஸ் புடிக்கணும்ல, தூங்கு" என்று அத்தை பசும்பால் கொடுத்துவிடுவார். காலையில் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அவன் நாலு வாய் குடிப்பதற்குள் அப்பா வாசலில் நின்று குரல் கொடுப்பார். அம்மாவுக்கு மிஞ்சியிருந்தது அந்த மாலைதான். அதிலும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாத்தியா," என்றார் அத்தை. "ஒம் மேல ஆபீஸ் நாத்தம் அடிக்குது அதுக்கு. மறந்துபோச்சு."

அப்பா தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிள்ளை குடிக்காமல் அம்மாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடும் வேலைக்குப் போனாள். ஒரு மாலை அவள் குளித்துவிட்டு வரும்போது கூடத்தில் அத்தை ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். பிரித்தார். நெருக்கக் கட்டிய மல்லிகைச் சரம், இரண்டு முழத்துக்கு மேல் இருக்கும். எனக்கும் தலைக்கு வைத்துவிடுவார்கள் என்று ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இதோ பாரும்மா," என்றார் அத்தை. "ரெண்டுல ஒண்ணு பண்ணு. இந்தப் பூவ மாருல வெச்சிக் கட்டு, பால் வத்திடும், வலியும் போயிடும், நீ தாராளமா ஆபீஸ் போ. புள்ள புட்டிப்பால்ல வளரட்டும். இல்லாட்டி வேலைய விட்டுட்டு வந்து பெத்த புள்ளைக்குப் பால் குடு. இது என்னா, டைப் மிஷினுக்கா பொறந்துச்சு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "என்னங்க, நீங்க சொல்லுங்க."

அப்பா தொண்டையைச் செருமினார். "அக்கா சொல்றதுலயும் ஞாயம் இருக்கில்ல. புள்ளயே வேணாம்னு மூஞ்சத் திருப்புது. நீயே யோசிச்சிக்க."

அம்மா சுவரோடு சாய்ந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். பத்தாவது முடித்துவிட்டு, வீட்டில் யாரும் சொல்லாமல் தானாகப் போய்த் தட்டச்சு கற்று, பரீட்சை எழுதி வாங்கிய வேலை அது. "சரி அண்ணி," என்றாள். "நாளைக்கே போயி எழுதிக் குடுத்துடறேன். எம் புள்ள என்னய மறக்க வேணாம்."

அம்மா அழுதது எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி மறக்கலம்மா," என்றேன். "அவன் வயிறு ரொம்பியிருக்கு. தெனமும் டம்ளர் பால நான்தான் அவனுக்குக் குடுக்கறேன்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "அடிப் பாவி! சூட்டுப் பாலயா குடுத்த? புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"என்னா ஆச்சு அண்ணி?" என்றாள் அம்மா. அந்தக் குரலை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. "சொல்லுங்க. வயித்தால போச்சா? சளி புடிச்சிச்சா? கட்டி வந்துச்சா? தெனமும் குடிச்சிருக்கான். என்னா ஆச்சு அவனுக்கு?"

அத்தை சின்னக் குரலில், "வந்திருந்தா?" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"அப்பாதான் சொல்லக் கூடாதுன்னு..." என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். "அப்பாவுக்குத் தெரியுமே."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

"எனக்கென்ன தெரியும்?" என்றார் அப்பா. "நான் பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தேன். கொழந்த எதையோ சொல்லுது."

நான் பொய் சொல்கிறேன் என்று அம்மா அடிப்பாளோ என்று பயந்தேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையிலிருந்த பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில் அம்மா எழுந்தாள். நடு அறைக்குள் போய்த் தூளியிலிருந்து தம்பியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். பூவையும் எடுத்துப்போனாள். அத்தை சொன்னபடி கட்டிக்கொள்ளத்தான் போகிறாளோ என்று எனக்கு ஒரே பயம்.

மறுநாள் காலையில் அந்த மல்லிகைச் சரம் முழுவதையும் தலையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். எனக்கு ஒரு கண்ணிகூடத் தரவில்லை. மாலையில் திரும்பியவள் கொல்லைக்குப் போகவில்லை. தோளில் தொங்கிய பையைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, புழுதிப் புடவையின் முந்தானைக்குள் தம்பியை இழுத்துக்கொண்டாள். அவன் இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டு குடித்தான். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

என் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். போன் வந்த மறுநாளே கடலூருக்குப் போனேன். மகளுக்கு அன்றைக்கும் வங்கி உண்டு. அவள் வீடு திரும்புவதற்குச் சற்று முன்னால் சம்பந்தியம்மா பால்பவுடரைக் கரைத்தார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற மாப்பிள்ளை, புட்டியை வாங்கிக் குலுக்கி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, நேர்த்தியாகப் புகட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இது தினமும் நடக்கிறதா என்று கேட்டேன்.

"ஆமா அத்தை. அவ டயர்டா வருவா, வந்த ஒடனே பாப்பா அழக் கூடாதுல்ல."

"அவகிட்ட இதச் சொன்னீங்களா?"

"அவ கேக்கலியே."

அதற்கு மேல் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. சம்பந்தி வீட்டில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்று என் கணவர் சொல்கிறார். கத்தியது போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோபம் இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை. மகள் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் மாப்பிள்ளையோடு அவள் இன்னும் பேசவில்லை. பேச வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

என் அம்மாவும் அன்றைக்குப் பிறகு வீட்டில் சண்டை எதுவும் போடவில்லை. ஒன்றே ஒன்று மாறியது. அடுத்த வாரத்திலிருந்து அவள் ரயிலில் போய்வர ஆரம்பித்தாள். அப்பா வழக்கம்போல பஸ்ஸில் போனார். ரயில் சொன்ன நேரத்துக்கு வராது. கடலூரில் இறங்கியும் டவுன் பஸ் ஏற வேண்டும். ஆனாலும் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அம்மாவுக்கு ரயில்தான்.

"ஏம்மா, அப்பாகூட போகல?" என்று முதல் நாளே கேட்டேன்.

அம்மா தலையை வாரிக்கொண்டிருந்தாள். "ரயில்ல சூடு தெரியாது பாப்பா," என்றாள்.

எவ்வளவு எளிதான வழி, இது ஏன் முதலிலேயே யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று மாலை அப்பா பஸ்ஸிலிருந்து தனியாக வந்து சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தபோது பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "நீயும் ரயில்ல போப்பா. அம்மா பக்கத்துல உக்காந்துக்கலாம். சூடே இருக்காதாம்."